நாற்பத்தாறு சாண்

ஜனவரி 6, திங்கள்

விடியலில் மோட்டார் போட்டேன். தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது.

மகன் யுவராஜும் மருமகள் பூர்ணிமாவும் நேற்று சென்னைக்கு ரயில் ஏறினார்கள். மருமகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடி அறை ஒன்றில் தனியாக வைப்பார்களாம். மகன் பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்குகிறான். குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பேத்தி மிதுனா என் பொறுப்பு. எட்டு வயது.

பின்னல் போடத் தெரியுமா என்று மருமகள் கிளம்பும்போது கேட்டாள். ஆயுசு முழுக்க மோட்டார் காயில் சுற்றியவனிடம் கேட்கிற கேள்வியா அது. இன்று போட்டுவிட்டேன். டைட்டாக இருக்கிறது என்றாள் குழந்தை. டைட்டாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 8, புதன்

பள்ளிக்கூடம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளும் இடத்துக்கு மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறேன். வடவள்ளி தாண்டி ஒரு பழைய பங்களா. மணி கிடையாது. பெஞ்சு கிடையாது. ஆறு வயதும் ஒன்பது வயதும் ஒரே ஹாலில். மாண்டிசோரி முறையாம். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். எட்டு வயதுக்கும் அதேதானாம். ஆளாளுக்கு ஒரு பாயை விரித்துக்கொண்டு தனக்குப் பிடித்த வேலையை எடுத்துச் செய்கிறார்கள். டீச்சரை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை, அக்கா. வீட்டுப்பாடம் இல்லை, பரீட்சை இல்லை, ரேங்க் இல்லை. இதெல்லாம் பூர்ணிமா தேடிப் பிடித்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

வரும் வழியில் எட்டேழு எவ்வளவு என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். காற்றில் விரலால் எதையோ தொட்டாள். ஐம்பத்தாறு என்றாள். மனசுக்குள் மணிச்சரம் அடுக்கிப் பார்த்தாளாம். எட்டு என்றால் பழுப்பு மணியாம்.

விடை சரிதான். ஆனால் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை கண்ணை மூடாது.

ஜனவரி 11, சனி

தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வீடியோவில் பேசுகிறார்கள் தாயும் மகளும். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பூர்ணிமா என்னைப் பார்த்து, ‘சாப்ட்டீங்ளா மாமா’ என்பாள். பிறகு குழந்தையிடம், ‘இன்னிக்கு எதுவரைக்கும்?’ என்பாள். ‘இன்னும் பாசிதாம்மா’ என்று பதில் வரும்.

இன்று அது என்ன பாசி என்று விசாரித்தேன். ஜன்னலை எல்லாம் மூடி, மண் மலை ஒன்று செய்து அதன் உச்சியில் தீப்பொறி கிளப்பி, பூமி பிறந்த கதையைச் சொல்லியிருக்கிறாள் அந்த அக்கா. அதைக் கேட்டதிலிருந்து இவள் ஒரு தாள் சுருள் செய்கிறாள். பூமி பிறந்தது முதல் இன்றுவரை. ஒரு சாண் பத்துக் கோடி வருஷம். மொத்தம் நாற்பத்தாறு சாண். முதலில் நெருப்பு, பிறகு மழை. ஒன்பதாவது சாணில் பாசி. அப்புறம் முப்பது சாணுக்கு மேல் வெறும் பாசி. மீன், தவளை, யானை, மனுசன் எல்லாம் கடைசி ஆறு சாணுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள்.

எல்லாச் சாணிலும் எதற்குப் பாசி வரைய வேண்டும், ‘மேற்படி’ என்று எழுதிவிட்டுப் போயேன் என்றேன்.

‘அத்தன நாளும் அது மட்டுந்தான இருந்துச்சு அப்பாரு. வரையாம உட்டா அதுக்குப் பாவமில்லையா?’

போனுக்குள் பூர்ணிமா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, ‘மீன் வர்றதுக்குள்ள நான் எந்திரிச்சு ஒக்காந்துருவேன் சாமி, பாரு’ என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வைக்கவில்லை. கடையில் வாங்கிக் கொடுத்தேன். முந்திரியை மட்டும் தின்றாள்.

ஜனவரி 20, திங்கள்

என் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், மில் வைத்திருந்தவர், அவினாசி ரோட்டில் ஒரு பெரிய பள்ளியின் டிரஸ்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். ஏப்ரலில் நாலாம் வகுப்பில் சேர்க்கலாம், பிப்ரவரி பதினைந்தில் நுழைவுத் தேர்வு எழுதட்டும் என்றார்.

மகனுக்குப் போன் செய்தேன். இப்போது இதைப் பேச வேண்டுமா என்றான். பிறகு எப்போது பேசுவது? குழந்தை வளர்வதை நிறுத்தி வைக்க முடியுமா?

எனக்கு ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். எரிந்த மோட்டாரை அவிழ்த்து, சுற்று சுற்றாக எண்ணி, அகராதியை வைத்து இங்கிலீஷ் புத்தகம் படித்து நானே கற்றேன். மில்லில் பெரிய மோட்டார் படுத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது மட்டும் ஐடிஐ படித்த பையன். நான் ஓரமாக நின்று கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். உனக்கு என்ன தெரியும் என்று இந்த உலகம் கேட்காது. எதில் பாஸ் என்றுதான் கேட்கும். இதைச் சொன்னால் மகனுக்கு அலுப்பு.

கடைசியில், ‘மொதல்ல அந்த ஸ்கூல்ல போய் ஒக்காந்து பாருங்கப்பா. பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க’ என்றான். பிள்ளையை நிறுத்த நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் மூன்று நாள் காலையில் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கமாம். உட்காருகிறேன். பயமா எனக்கு?

ஜனவரி 27, திங்கள்

முதல் நாள். ஹாலின் மூலையில் ஒரு மர நாற்காலி. பார்க்க வருகிறவர்களுக்கென்றே போட்டிருக்கிறார்கள். ஹேமலதா என்கிற அந்த அக்கா, முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டம் சொன்னாள். பேசக்கூடாது. எழக்கூடாது. எந்தக் குழந்தைக்கும் உதவக்கூடாது. ஏதாவது குழந்தை வந்து பேசினால், ‘நீங்க வேலை செய்யறதப் பாக்க வந்திருக்கேன்’ என்று மட்டும் சொல்ல வேண்டும்.

‘கை எங்கம்மா வெக்கிறது?’ என்று கேட்டேன்.

‘மடியில வெச்சுக்குங்க. எல்லாருக்கும் அதுதாங்க கஷ்டம்’ என்றாள்.

பார்த்ததை எழுதிவைக்கிறேன், பிறகு நான் பொய் சொன்னேன் என்று வரக்கூடாது. சத்தம் இல்லை. இரண்டு பையன்கள் நிறக்கட்டம் போட்ட பலகையில் மணிகளை வைத்து ஏழு இலக்க எண்ணைப் பெருக்கினார்கள். ஒருவன் வைக்க, இன்னொருவன் எழுத. அரைமணிக்கு மேல் ஓடியது. விடையை அக்காவிடம் காட்டவில்லை. அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தாங்களே ஒத்துப் பார்த்தார்கள். தப்பு. சிரித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள். தப்பு வந்தால் சிரிக்கிற பிள்ளைகளை நான் எங்கும் பார்த்ததில்லை. இது நல்லதாகவும் தெரியவில்லை.

அஃப்ரீன் என்று ஆறு வயதுச் சின்னது ஒன்று எனக்கு எதிரே வந்து நின்றது. ‘நீங்க மிது அக்காவோட அப்பாருதான? உங்க வேலை என்ன?’ என்றது. சொல்லச் சொன்னதைச் சொன்னேன். ‘பாக்கறது ஒரு வேலையா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

ஹேமலதா ஒரு சமயத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் பாடம் நடத்துவதில்லை. அதுவும் தரையில் உட்கார்ந்து, பத்து நிமிஷம். மீதி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பது.

மிதுனா தன் சுருளை விரித்தாள். அக்கா கொடுத்த அட்டைத்துண்டுதான் அளவுச் சாண். அதை வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பாசி. ஒரு தாளுக்கு ஐந்து கட்டம். தாள் முடிந்தால் அடுத்த தாளை ஒட்டுகிறாள். மூன்று மணி நேரமும் அதே வேலை. என் திசையில் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இரண்டாம் நாள். நேற்றே கண்ணில் பட்டது. இன்று உறுதி செய்துகொண்டேன். நான்காவது தாளில் நான்கு கட்டம்தான் இருக்கிறது. ஒட்டும்போது ஐந்தாவது கட்டத்தின்மேல் அடுத்த தாளை ஏற்றி ஒட்டிவிட்டாள். பத்துக் கோடி வருஷம் பசைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வரைந்ததெல்லாம் ஒரு சாண் முன்னால் நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன். இப்போது ஏழாவது தாளில் இருக்கிறாள். அடுத்த வாரம் மீன் வரும். ஒரு சாண் முன்னால் வரும்.

மூன்று மணி நேரம் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தேன்.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் ஹேமலதாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

‘பாத்தனுங்க. அவ ஒட்டுன அன்னிக்கே பாத்தேன்.’

‘பாத்துட்டுமா சும்மா இருக்கறே?’

வராண்டாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சுவர் நெடுக ஒரு கயிறு, அதில் நாற்பத்தாறு முடிச்சு. சுருளை முடித்த பிள்ளை அதைக் கயிற்றுக்கு நேரே விரித்துப் பார்க்குமாம். அப்போது எங்கே குறைகிறது என்று அதுவே தேடிக் கண்டுபிடிக்குமாம். வருஷக் கணக்கை அதற்குப் பிறகுதான் எழுதுவார்களாம்.

‘எல்லாத்தையும் வரைஞ்சு முடிச்ச பொறவு தப்புன்னு தெரிஞ்சா அந்தக் கொழந்த மனசு என்ன ஆகும்?’ என்று கேட்டேன்.

‘சிலது அழுவுங்க. அப்பறம் கத்திரிக்கோல எடுத்துட்டு வரும்.’

எனக்கும் ஒரு காலத்தில் யாரும் சொல்லவில்லை. மின்சாரம் கசியாமல் இருக்க மோட்டாரின் இடுக்குக்குள் வைக்கிற காகிதம் மெல்லியதாக இருக்கிறது என்று பக்கத்துப் பட்டறைக்காரனுக்குத் தெரியும். சொல்லவில்லை. நான் சுற்றிய மோட்டார்கள் எரிந்து திரும்பி வரும்போதெல்லாம் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். நானே கண்டுபிடிக்க வருஷக்கணக்கானது. தெரிந்தும் சொல்லாதவனை நான் மனுசனாகவே மதிப்பதில்லை. இதை ஹேமலதாவிடமும் சொன்னேன்.

‘எனக்கும் வாய் வரைக்கும் வருதுங்க. சொல்லாம இருக்கறதுதான் எனக்கு வேலை’ என்றாள்.

ஜனவரி 29, புதன்

காலை ஐந்து மணிக்கு யுவராஜ் போன் செய்தான். காய்ச்சல் நூற்று மூன்றில் நிற்கிறதாம். புது மஜ்ஜை இன்னும் பிடிக்கவில்லை, ரத்தக் கவுண்ட் ஏறவில்லை என்கிறார்கள். நான் வரட்டுமா என்றேன். ‘வந்து என்னப்பா பண்ணப் போறீங்க? நானே கண்ணாடிக்கு வெளியதான் நிக்கறேன்’ என்றான். மிதுனாவிடம் சொல்லவில்லை. பின்னல் போட்டேன். இரண்டு முறை அவிழ்த்துப் போட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். மிதுனா சுருளை விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஹேமலதா அந்தப் பக்கம் திரும்பி நாலு பிள்ளைகளுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனேன். அவளுடைய கத்திரிக்கோலை எடுத்து ஒட்டை வெட்டினேன். அட்டைத்துண்டால் ஒரு சாண் அளந்து, புதுத்தாள் வெட்டி, இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் ஒட்டினேன். அவளுடைய பச்சைப் பென்சிலால் பாசியும் போட்டேன். என் கை இன்னும் நடுங்குவதில்லை. பார்த்தால் ஒட்டு இருப்பதே தெரியாது.

அஃப்ரீன் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. ‘அது மிது அக்கா வேலை’ என்றது. மற்றப் பிள்ளைகளும் கையில் இருந்ததை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹால் ஏற்கெனவே அமைதிதான். அது வேறு மாதிரி ஆனது.

மிதுனா வந்தாள். சுருளைப் பார்த்தாள், என் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தாள். ஒரு சாண் விட்டுப்போயிருந்தது கண்ணு, சேர்த்துவிட்டேன், இனி மீன் சரியான இடத்துக்கு வரும் என்று விளக்கினேன். அவள் அழவில்லை, சண்டைக்கு வரவில்லை. என் கையிலிருந்து பென்சிலை வாங்கி டப்பாவில் வைத்தாள். சுருளைச் சுருட்டி அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். பாயையும் சுருட்டி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

ஹேமலதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஜனவரி 30, வியாழன்

இன்று சாயங்காலம் வீடியோ இல்லை. காய்ச்சல் இன்னும் இருக்கிறது. மிதுனாவிடம் அம்மா தூங்குகிறாள் என்று சொன்னேன். தோசை மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பமாக ஊற்றிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மிதுனா பள்ளியில் எதையும் எடுக்கவில்லையாம். சுருளைத் தொடவில்லையாம். நான் கூட்டிவரப் போனபோது ஹேமலதாவே வாசலுக்கு வந்து சொன்னாள். பெருக்கல் பலகை, பூகோளப் படம், அவளுக்குப் பிடித்த இலக்கணப் பெட்டி எல்லாம் காட்டிப் பார்த்தாளாம். இவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுகிறாளாம்.

‘என்ன பண்ணப்போற?’ என்றேன்.

‘காத்திருக்கணுங்க.’

‘எவ்வளவு நாள்?’

‘தெரியலைங்க’ என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே தெரியவில்லை என்றுதான் பட்டது. தெரியாது என்பதை ஒரு கல்விமுறை என்று வைத்திருக்கிறார்கள்.

நுழைவுத் தேர்வுக்கு கைடு வாங்கிவந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

தினமும் ஒரு மணி நேரம் கைடைப் போட வைக்கிறேன். மறுத்துப் பேசவில்லை. கணக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு. அந்தப் பள்ளியில் ஒன்றும் படிக்கவில்லை என்று நினைத்தேன், எங்கிருந்தோ வருகிறது. வகுத்தலில் மீதி எப்படி வருகிறது என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறாள். பூர்ணிமா வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

ஒன்று மட்டும் புதிது. ஒவ்வொரு கணக்கும் முடிந்தவுடன் பென்சிலை வைத்துவிட்டு முகத்தை நிமிர்த்துகிறாள். ‘சரியா அப்பாரு?’ என்கிறாள். சரி என்றால்தான் அடுத்ததற்குப் போகிறாள். பெரியவர்களைக் கேட்டுச் செய்யும் பழக்கம் வருகிறது. வரட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஆறரைக்குப் போன் வந்தது. பூர்ணிமாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தலையில் ஒரு முடி இல்லை. கண் மட்டும் இருந்தது. பேச்சு காற்றாக வந்தது. குழந்தை பயந்துவிடுமோ என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

‘எதுவரைக்கும் சாமி?’ என்று கேட்டாள். ‘மீன் வந்துருச்சா?’

மிதுனா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கண் இரண்டும் காத்துக்கொண்டிருந்தன.

‘வந்துருச்சும்மா. பெருசா வரைஞ்சிருக்கா. செதிலு, வாலு எல்லாம் இருக்குது’ என்றேன்.

பூர்ணிமா சிரித்தாள். ‘அப்ப நானும் ஒக்காரணும்’ என்றாள். போன் ஆடியது. அந்தப் பக்கம் நர்ஸ் ஒருத்தி ஏதோ சொல்வது கேட்டது. தலையணைக்கு முட்டுக்கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

போனை வைத்த பிறகு மிதுனா கேட்டாள், ‘மீன் வந்துருச்சா அப்பாரு?’

நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கவுண்ட் ஏறத் தொடங்கிவிட்டதாம். யுவராஜ் போனிலேயே அழுதான். மீன் வந்ததைத்தான் பூர்ணிமா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

மிதுனாவிடம், ஒரு மீன் வரைந்துவிடேன் கண்ணு, அம்மாவுக்குக் காட்டலாம் என்றேன். தாளும் பென்சிலும் கொடுத்தேன். எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், வால் எவ்வளவு நீளம், கண் எங்கே என்று கேட்டாள். கேட்டதற்கெல்லாம் சொன்னேன். வரைந்து கொடுத்தாள். நான் சொன்ன மீன்.

பிப்ரவரி 15, சனி

தேர்வு எழுதிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் வெளியே வந்து அம்மாக்களிடம் ஓடினார்கள். இவள் வாசலில் நின்று, வெளியே வரலாமா என்று வாட்ச்மேனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 24, திங்கள்

சீட் கிடைத்துவிட்டது. பட்டியலில் இரண்டாவது. நான் சொன்னபோது எவன் நம்பினான்?

மகனிடம் சொன்னேன். ‘உங்களுக்குச் சரின்னு பட்டா செய்ங்கப்பா. என்னால இப்ப எதையும் யோசிக்க முடியல. அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. வந்த பொறவு நானே சொல்லிக்கறேன்’ என்றான். ஜெயித்தவனுக்கு இப்படி ஒரு குரலிலா சம்மதம் கொடுப்பார்கள்?

மார்ச் 12, புதன்

சின்க் அடைத்துக்கொண்டது. குத்திவிட்டேன். சரியாகிவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

பழைய பள்ளியில் கடைசி நாள். டிசி வாங்கப் போனேன். ஹேமலதா கொடுத்தாள். நாற்காலியில் இன்று வேறொரு தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மிதுனாவின் பொருள்களை ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள் ஹேமலதா. கடைசியாக அந்தச் சுருளை எடுத்துவந்து நீட்டினாள்.

‘அது என்னுது இல்லீங்கக்கா’ என்றாள் மிதுனா. கோபமாகச் சொல்லவில்லை. யாரோ தொலைத்த குடையைக் காட்டிக் கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஹேமலதா அதைப் பிடித்தபடி நின்றாள். நான் வாங்கிக்கொள்ளவா என்று யோசித்தேன். வாங்கவில்லை. வண்டிக்கு வந்த பிறகு ஹேமலதாவும் பின்னாலேயே வந்தாள். ஏதாவது சொல்லட்டும், பதில் சொல்லலாம் என்று சாவியைப் போடாமல் நின்றேன்.

‘பத்தரம்மா’ என்று குழந்தையிடம் மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 3, வியாழன்

புதுப்பள்ளி. சாம்பல் பாவாடை, டை, கான்வாஸ் ஷூ. மணி அடிக்கிறது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறாள்: நல்ல ஒழுக்கம், சொன்னபடி கேட்கிறாள். இரண்டு முறை படித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

வீட்டுப்பாட நோட்டில் மார்ஜின் இந்த அளவு சரியா அப்பாரு. நீலப்பேனாவா கறுப்பா அப்பாரு. சோறு போதுமா அப்பாரு. பல் விளக்கியது போதுமா அப்பாரு.

காலையில் செம்பருத்திச் செடிக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு பூவைத் தொடலாமா என்று கேட்டாள். நம் வீட்டுச் செடி. அவள் மூன்று வயதில் நட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று பொறுமை போய்விட்டது. கணக்குப் போட்டு முடித்துவிட்டு முகத்தை நிமிர்த்தினாள். எதற்கு என்னைக் கேட்கிறாய், உனக்கே தெரியாதா, சரியா தப்பா என்று நீயே பார் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

உடனே நோட்டைப் பார்த்தாள். எழுதியதையெல்லாம் ரப்பரால் அழித்தாள். சரியாகப் போட்டிருந்த கணக்கு அது. மறுபடியும் முதலிலிருந்து எழுதி, அதே விடை வந்தது. மறுபடியும் நிமிர்ந்தாள். இந்த முறை வாயால் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

நானும் பேசுவதில்லை என்று உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். கடிகாரம் ஓடியது. எதிர்வீட்டில் சீரியல் ஆரம்பித்து முடிந்தது. அவளால் என்னைவிட அதிக நேரம் காத்திருக்க முடிகிறது. சரி என்றேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பிசகாக நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு சாண் குறைந்தது, சேர்த்தேன். தெரிந்தவன் சொல்லத்தான் வேண்டும். இதில் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

யாரும் வந்து கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சனிக்கிழமை டிஸ்சார்ஜ் செய்து அனுப்புகிறார்களாம். முன் அறையை டெட்டால் போட்டுத் துடைத்தேன். திரைச்சீலைகளை வெந்நீரில் அலசினேன். பூச்செடிகள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக மகன் சொன்னான். தொட்டிகளைப் பின்பக்கம் நகர்த்தினேன். மிதுனாவும் ஒரு பக்கம் பிடித்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கேட்டு வைத்தாள்.

ஏப்ரல் 26, சனி

மத்தியானம் வந்தார்கள். பூர்ணிமா முகத்துக்குத் துணி கட்டியிருந்தாள். யுவராஜ் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன் அறை நாற்காலியில் உட்கார வைத்தான். நான்கு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. ‘மாமா, நல்லா இருக்கீங்ளா’ என்றாள். நான் நன்றாகத்தான் இருந்தேன்.

மிதுனாவை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, மாஸ்க் போட்டு, துவைத்த கவுன் மாட்டித் தயாராக வைத்திருந்தேன். உள் கதவருகில் நின்றிருந்தாள். தொடலாம், கட்டிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டதாக யுவராஜ் சொன்னான்.

பூர்ணிமா இரண்டு கைகளையும் தூக்கினாள். கையில் சதையே இல்லை. தூக்கியதில் நடுங்கின. ஆனாலும் நீட்டிப் பிடித்திருந்தாள். ‘வா சாமி’ என்றாள்.

மிதுனா அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

‘அப்பாரு, அம்மாகிட்ட போலாமா?’

யுவராஜ் கையில் பெட்டியோடு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். பூர்ணிமாவும் பார்த்தாள். தலையை ஆட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. நின்றாள். இரண்டாவது முறையும் ஆட்டினேன். அப்போதும் நின்றாள்.

‘போ’ என்றேன். அதற்குள் பூர்ணிமாவின் கைகள் மடிக்கு இறங்கிவிட்டிருந்தன.